குடுவைச் செடியின் உரக் கணக்கு

பூச்சி தின்னும் செடி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான். ஈ ஒன்று குடுவைக்குள் எட்டிப் பார்க்கும். மூடி படக்கென்று விழும். செடி அதை விழுங்கிச் செரித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்து காத்திருக்கும். சிறுவர் படக்கதைகளிலும் இணையத்தில் சுற்றும் காணொளிகளிலும் இப்படித்தான் காட்டுகிறார்கள். பள்ளிப் பாடநூலில் நைட்ரஜனைப் பற்றி ஒரு வரி வந்தாலும், தேர்வு முடிந்ததும் அந்த வரி மறந்துவிடுகிறது. படம் மட்டும் தங்கிவிடுகிறது.

அந்தப் படம் தவறு. குடுவையின் மூடி எந்தப் பூச்சியையும் சிறைபிடிப்பதில்லை, ஏனென்றால் திறந்தபின் அது மூடுவதே இல்லை. செடி பசியாறவும் பூச்சியைப் பிடிப்பதில்லை. இதைவிட வியப்பானது, குடுவைச் செடிகள் எல்லாமே பூச்சியை நம்பி வாழ்வதும் இல்லை. ஒன்று மரத்திலிருந்து உதிரும் சருகை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று வௌவாலுக்குத் தங்க இடம் கொடுத்து அதன் எச்சத்தைப் பெற்றுக்கொள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தேவை இருக்கிறது. அது புரிந்தால் மற்றவை தாமாகவே புரியும்.

இங்கே பேசப்போவது நெப்பந்தஸ் என்னும் பேரினத்தைப் பற்றி. வெப்பமண்டலக் குடுவைச் செடிகள் என்று குறிப்பிடப்படுபவை பெரும்பாலும் இவைதாம். 160-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை அறியப்பட்டிருக்கின்றன. மேற்கே மடகாஸ்கர், செஷல்ஸ் தீவுகளில் தொடங்கி, தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, ஆஸ்திரேலியாவின் வடமுனையையும் நியூ கலிடோனியாவையும் இவை எட்டியிருக்கின்றன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில்தான் மிகுதி. இந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒரே இனம், மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் இருக்கும் நெப்பந்தஸ் காசியானா. இலங்கைக்கும் ஓர் இனம் உண்டு. சிங்கராஜா போன்ற தென்மேற்கு ஈரக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய வெளிகளிலும் வளரும் அந்தக் கொடியைச் சிங்களத்தில் பாந்துரா என்கிறார்கள். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. தமிழ்நாட்டுக் காடுகளில் நெப்பந்தஸ் கிடையாது.

எது சோறு, எது உரம்?

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். யூரியா போட்டால் பயிர் பச்சைகட்டி வளர்கிறது. ஆனால் யூரியாவிலிருந்து பயிருக்குச் சக்தி கிடைப்பதில்லை. சக்தி வெயிலிலிருந்து வருகிறது: காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் தண்ணீரையும் கொண்டு இலை தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொள்கிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. ஆனால் இலையைக் கட்டவும் புரதங்களை உண்டாக்கவும் சர்க்கரை மட்டும் போதாது. உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜனும் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரசும் வேண்டும். அவை மண்ணிலிருந்து வர வேண்டும். மண்ணில் குறைந்தால் உழவர் உரம் போடுகிறார்.

குடுவைச் செடியும் பச்சை இலையுள்ள செடிதான். வயலிலுள்ள நெல்லைப் போலவே அதுவும் தன் சோற்றை வெயிலில் சமைத்துக்கொள்கிறது. அதற்குக் குறைவது உரம். பூச்சி அந்த உரம். பூச்சியே கிடைக்காவிட்டாலும் செடி உடனே செத்துப்போகாது; உரம் காணாத பயிரைப் போல மெலிந்து, மெதுவாக வளரும்.

உரம் ஏன் குறைகிறது? இந்தச் செடிகள் வாழும் இடங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். போர்னியோவின் கரையோரங்களில் கரிச்சதுப்புக் காடுகள் இருக்கின்றன. அங்கே விழுந்த இலையும் மரமும் அமில நீரில் ஊறி, முழுவதும் மட்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சத்து அவற்றுக்குள்ளேயே முடங்கியிருக்கிறது, வேருக்குக் கிடைப்பதில்லை. வேறு சில இடங்களில் வெறும் வெண்மணல்; ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சத்தை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. போர்னியோவின் வடக்கிலுள்ள சபா மாநிலத்தில், கினபாலு மலையின் சில பகுதிகளில் நிக்கலும் மெக்னீசியமும் மிகுந்த பாறையிலிருந்து உண்டான மண். சாதாரணச் செடிகளுக்கு அது நஞ்சு. வளமான மண்ணில் மற்ற செடிகள் வேகமாக உயர்ந்து இவற்றை நிழலில் அமுக்கிவிடும். மற்றவை வாழத் தயங்கும் மண்ணில்தான் இவற்றுக்கு இடம் கிடைத்தது.

அப்படியானால் எல்லாச் செடிகளுமே பூச்சி பிடிக்கலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு விலை இருக்கிறது. குடுவை செய்யச் சர்க்கரை செலவாகிறது. தேன் சுரக்க வேண்டும், நீர் சுரக்க வேண்டும். அத்தனையும் செய்து முடித்த குடுவையோ ஒளிச்சேர்க்கையில் தட்டையான இலைக்கு ஈடாவதில்லை. தாமஸ் கிவ்னிஷ் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் இந்த வரவுசெலவைத் தெளிவாக விளக்கினார்கள். வெயிலும் தண்ணீரும் தாராளமாக இருந்து, சத்து மட்டும் குறைந்த இடத்தில்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். நிழலில் சர்க்கரையே தட்டுப்பாடு. வறண்ட இடத்தில் தண்ணீர் தட்டுப்பாடு. வளமான மண்ணில் தேவையே இல்லை.

சுருக்கமாக: செடி தன் உணவை வெயிலில் செய்துகொள்கிறது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் குடுவை வழியாகப் பெறுகிறது. வெளிச்சமும் ஈரமும் உள்ள ஏழை மண்ணில்தான் இது பலன் தரும்.

குடுவை ஓர் இலை

பார்த்தவுடன் பூ என்று நினைக்கத் தோன்றும். குடுவை பூவே இல்லை. நெப்பந்தஸின் பூக்கள் சிறியவை, தனிக் கொத்தாக மேலே வருபவை. ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ இன்னொரு செடியிலும் பூக்கும்.

குடுவை என்பது இலையின் நுனிப்பகுதி. இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டி நீண்டு பற்றுக்கம்பியாகிறது. அந்தக் கம்பியின் முனை உப்பி, உள்ளே குழிந்து குடுவையாகிறது. வளரும் காலத்தில் மூடி ஒட்டியே இருக்கும். அந்தச் சமயத்திலேயே உள்ளே செடி சுரந்த நீர் இருக்கிறது, அது மழைநீர் இல்லை. முதிர்ந்ததும் மூடி ஒரே ஒரு தடவை திறக்கிறது. அவ்வளவுதான் அதன் அசைவு. பெரும்பாலான இனங்களில் உள்ளே மழை கொட்டிச் சுரப்புநீர் நீர்த்துப்போகாமல் காப்பதும், அடிப்பக்கத்தில் தேன் சுரந்து பூச்சியை வாயருகே வரவழைப்பதும் மூடியின் வேலை.

ஒரே கொடியில் இரண்டு வடிவக் குடுவைகள் இருப்பதும் வழக்கம். தரையை ஒட்டி வரும் கீழ்க்குடுவை பருத்து, முன்பக்கம் இரண்டு இறகு போன்ற மடிப்புகளுடன் இருக்கும். எறும்பு போன்று ஊர்ந்து வருபவை அதில் ஏறும். கொடி மரத்தில் ஏறியபின் வரும் மேல்குடுவை ஒல்லியாக, புனல் வடிவில் இருக்கும். பறப்பவை அதற்கு வரும்.

அசையாமல் பிடிப்பது எப்படி?

குடுவையின் வாயைச் சுற்றிப் பளபளப்பான, வரிவரியான ஒரு விளிம்பு இருக்கிறது. நெடுங்காலம் அது வெறும் அலங்காரமாகவோ ஏணியாகவோதான் கருதப்பட்டது. பொறியின் உயிர்நாடி அதுதான் என்று 2004-இல் ஹோல்கர் போன், வால்டர் பெடர்லே என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலர்ந்த விளிம்பில் எறும்பு தாராளமாக நடந்து தேன் குடித்துவிட்டுப் போகிறது. அதே விளிம்பு மழையாலோ பனி ஈரத்தாலோ நனைந்தால் கதை மாறுகிறது. விளிம்பின் நுண்ணிய வரிகள் தண்ணீரை முத்துமுத்தாக நிற்க விடாமல் மெல்லிய படலமாகப் பரப்புகின்றன. எறும்பின் காலில் ஒட்டிப் பிடிக்க உதவும் மெத்தை அந்தப் படலத்தின்மேல் மிதந்துவிடுகிறது. பிடி கிடைக்காமல் உள்ளே சறுக்குகிறது. விளிம்பில் சுரக்கும் தேனும் காற்றின் ஈரத்தை இழுத்து இந்தப் படலத்துக்கு உதவுகிறது.

அப்படியானால் உலர்ந்த வேளையில் பொறி வீணா? உல்ரிக்கே பாயரும் உடன் ஆய்வாளர்களும் புருனேயில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை சொன்னது. எறும்புக் கூட்டத்திலிருந்து முதலில் ஓர் எறும்பு தனியாக வந்து தேனைக் கண்டுபிடிக்கும். விளிம்பு எப்போதும் ஈரமாக இருந்தால் அந்த ஒன்று விழுந்துவிடும், கதை முடிந்தது. உலர்ந்திருந்தால் அது திரும்பிப் போய்க் கூட்டத்தையே அழைத்துவரும். பிறகு விளிம்பு நனையும்போது பலவும் ஒன்றாக விழும். விளிம்பைச் செயற்கையாகத் தொடர்ந்து நனைத்து வைத்த குடுவைகளைவிட, இயல்பாக நனைந்தும் காய்ந்தும் இருந்த குடுவைகளில் எறும்புகள் அதிகம் சிக்கின. எனக்கு இந்தச் செடிகளைப் பற்றிய ஆய்வுகளில் மிகவும் பிடித்தது இதுதான். இதில் செடி எதையும் திட்டமிடவில்லை. வானிலை ஏறி இறங்குவதே பொறியை இயக்குகிறது.

உள்ளே விழுந்த பூச்சி ஏன் ஏறி வருவதில்லை? பல இனங்களில் உட்சுவரின் மேற்பகுதியில் மெழுகுத் துகள்கள் படிந்திருக்கும். கால் வைத்தால் பிடிப்பு இருக்காது. சில இனங்களின் நீர் பிசுபிசுப்பானது. பூச்சி உதற உதற நூல்நூலாக இழுபட்டு அதைப் பிணைத்துவிடும். நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்னும் இனம் மழையையே கருவியாக்கிக்கொண்டது. தேனுக்காகவோ மழைக்கு ஒதுங்கியோ மூடியின் அடியில் எறும்பு தொற்றிக்கொண்டிருக்கும்போது, மேலே ஒரு மழைத்துளி விழுந்தால் விறைப்பான மூடி சடாரென அதிரும். எறும்பு நேராகக் குடுவைக்குள் விழும்.

இனி செரிமானம். குடுவையின் அடிப்பகுதிச் சுவரில் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அமிலத்தையும் நொதிகளையும் சுரக்கின்றன. நொதி என்பது பெரிய மூலக்கூறுகளைச் சிறியவையாக உடைக்கும் புரதம். நம் இரைப்பையிலும் இதே வகை வேலை நடக்கிறது. குடுவையிலுள்ள புரதச் செரிப்பு நொதிகளுக்கு நெபந்தெசின் என்று பெயர். பூச்சியின் கடினமான மேலோட்டை உடைக்க வேறு நொதி உண்டு. உடைந்த சத்தை அதே சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. குடுவைக்குள் உண்மையிலேயே செரிமானம் நடக்கிறது என்பதை ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சோதனைகள் செய்து 1874-இல் பெல்பாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் எடுத்துரைத்தார்.

இதுவரை: குடுவை ஓர் இலை, திறந்த மூடி மறுபடி மூடாது. ஈரமான விளிம்பு சறுக்கிவிடுகிறது, சுவரும் நீரும் தப்பவிடாமல் தடுக்கின்றன, நொதிகள் சத்தைப் பிரிக்கின்றன.

பூச்சியை விட்டு விலகியவை

தேவை நைட்ரஜன்தான் என்றால், அது பூச்சியின் உடலிலிருந்துதான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நெப்பந்தஸின் சூழலியலில், அதாவது பிற உயிர்களோடும் சுற்றுப்புறத்தோடும் அதற்குள்ள உறவில், மிகவும் வளமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

நெப்பந்தஸ் ஆம்புலாரியா காட்டின் நிழலில் தரையோடு தரையாகக் கொத்துக்கொத்தாகக் குடுவைகளைப் பரப்பி வளர்கிறது. அதன் மூடி சிறுத்து, பின்னால் மடங்கி, வாய் முழுவதும் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேலே மரத்திலிருந்து விழும் சருகு நேராக உள்ளே போகிறது. மரத்தடியில் வளரும் செடிகளின் இலையிலுள்ள நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்தச் சருகிலிருந்து வருவதாக 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பூச்சி பிடிக்கும் செடியென்று பெயர்பெற்ற ஓர் இனம் பாதிவழியில் குப்பை உண்ணும் செடியாகியிருக்கிறது!

போர்னியோவின் உயர்மலைகளில் வாழும் நெப்பந்தஸ் லோவி இன்னும் தூரம் போனது. அதன் மேல்குடுவை மரம் போல உறுதியானது. வழுக்கும் விளிம்பு அதில் ஏறக்குறைய இல்லை. மூடி நன்றாக மேலெழும்பி நிற்கும், அதன் உட்பக்கத்தில் வெண்மையான, இனிப்பான பொருள் சுரக்கும். அதை நக்க மலை மரமூஞ்சூறு வருகிறது. அணில் போலத் தோன்றினாலும் அணில் குடும்பத்தைச் சேராத விலங்கு இது. நம் மலைகளில் வாழும் மூங்கில் அணத்தான் இதற்குத் தூரத்து உறவு. மூடிவரை எட்ட வேண்டுமானால் குடுவையின் வாய்மேல் ஏறி உட்கார்ந்துதான் ஆகவேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே அது கழிவையும் விட்டுச்செல்கிறது. சார்லஸ் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தச் செடியின் இலை நைட்ரஜனில் 57 முதல் 100 சதவீதம் வரை மரமூஞ்சூறின் எச்சத்திலிருந்து வருகிறது. அதே இனத்தின் இளஞ்செடியில் தரையோரக் குடுவைகள் மட்டும் பழையபடி பூச்சி பிடிக்கின்றன. கினபாலு மலையில் வளரும், உலகின் மிகப் பெரிய குடுவைகளில் ஒன்றைத் தாங்கும் நெப்பந்தஸ் ராஜாவுக்கும் இதே வாடிக்கைதான். பகலில் மரமூஞ்சூறு, இரவில் மலை எலி. அந்தக் குடுவை 2 லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும். எலி விழுந்து செத்துக் கிடந்ததாக வந்த செய்திகளை வைத்து எலி தின்னும் செடி என்று இதை அழைத்தார்கள். அது விபத்து, செடியின் வழக்கமான வரவு எச்சம்தான்.

நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானாவின் குடுவை நீண்டு ஒடுங்கியது. உள்ளே நீர் மிகக் குறைவு. ஹார்டுவிக் வௌவால் என்னும் சிறிய வௌவால் பகலில் அதற்குள் நனையாமல் தங்குகிறது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே அது தன் குடுவையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வௌவால் மீயொலி எழுப்பி எதிரொலியைக் கேட்டு வழியறியும் விலங்கு. இந்தக் குடுவையின் வாய்க்குப் பின்னாலுள்ள வளைந்த சுவர் அந்த ஒலியை வந்த திசைக்கே வலுவாகத் திருப்பி அனுப்புகிறது என்று 2015-இல் தெரியவந்தது. வௌவால் தங்கும் செடிகள் தங்கள் நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதன் எச்சத்திலிருந்து பெறுகின்றன.

நெப்பந்தஸ் பைகால்கராட்டா எறும்புகளையே குடிவைத்திருக்கிறது. அதன் உப்பிய, உள்ளே வெற்றான பற்றுக்கம்பியில் ஒருவகை எறும்புகள் கூடுகட்டி வாழ்கின்றன. அவை வழுக்கும் விளிம்பில் நடக்கவும் குடுவை நீரில் நீந்தவும் வல்லவை. விளிம்பில் பூஞ்சை படியாமல் சுத்தம் செய்கின்றன. இல்லாவிட்டால் பொறி வழுக்காது. குடுவைக்குள் வளர்ந்து சத்தைத் திருடிக்கொண்டு பறந்துபோகும் கொசுப் புழுக்களையும் வேட்டையாடுகின்றன. எறும்பின் கழிவு செடிக்கே சேர்கிறது.

இப்படி உள்ளே குடியிருப்பவை பல. கொசுப் புழுக்கள், சிலந்திகள், பாக்டீரியாக்கள் எல்லாம் அந்தச் சிறு குளத்தில் ஒன்றையொன்று தின்று வாழ்கின்றன. போர்னியோவின் சரவாக் மாநிலத்தில் ஒரு தவளை ஆம்புலாரியாவின் குடுவையில் முட்டையிடுகிறது. வளர்ந்த ஆண் தவளை ஒன்றரை சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

இலை எப்படிக் குடுவையானது?

இங்கேதான் தளர்வான பேச்சு மிகுதி. "செடி பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டது" என்பார்கள். எந்தச் செடியும் கற்றுக்கொள்ளவில்லை. தலைமுறைதோறும் இலைகளில் சிறுசிறு வேறுபாடுகள் வருகின்றன. ஏழை மண்ணில் கொஞ்சம் கூடுதல் சத்து கிடைக்க வழிசெய்த வேறுபாடு அதிக விதைகளை விட்டுச்செல்கிறது. பரிணாமம் என்பது இந்தத் தொடர்ச்சிதான்.

நெப்பந்தஸின் நெருங்கிய உறவுகளில் பசைத்துளிகளால் பூச்சியை ஒட்டவைக்கும் பனிப்பூண்டும் இலைகளை மடக்கும் வீனஸ் ஈப்பொறியும் இருக்கின்றன. இந்தக் கிளையின் பொது மூதாதை பசை இலை கொண்டதாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதே கிளையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் கொடியும் வருகிறது. அது பூச்சி பிடிப்பதில்லை. மூதாதைக்கு இருந்த பழக்கத்தை விட்டுவிட்டது. தேவை போனால் பொறியும் போய்விடும், பரிணாமம் ஒருவழிப் பாதையாக இல்லை.

செரிப்பு நொதிகள் எங்கிருந்து வந்தன? 2017-இல் வெளியான மரபணு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சாதாரணச் செடிகள் பூஞ்சை தாக்கும்போதும் சத்துக் குறைவின்போதும் தங்களைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்கள்தாம் குடுவையில் செரிப்பு நொதிகளாக வேலை மாறியிருக்கின்றன. பூஞ்சையின் செல் சுவரிலும் பூச்சியின் மேலோட்டிலும் கைட்டின் என்னும் ஒரே பொருள் இருக்கிறது. பூஞ்சையை உடைக்க வைத்திருந்த நொதி பூச்சியையும் உடைத்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. வட அமெரிக்காவின் சரசீனியாவுக்கும் ஆஸ்திரேலியாவின் செபலோட்டஸுக்கும் குடுவைகள் உண்டு, ஆனால் அவை நெப்பந்தஸுக்கு நெருங்கிய உறவில்லை. மூன்றும் தனித்தனியாகக் குடுவையை அடைந்தவை. உறவில்லாத உயிர்கள் ஒரேமாதிரி தேவைக்கு ஒரேமாதிரி வடிவத்தை எட்டுவதைக் குவி பரிணாமம் என்கிறோம். வடிவத்தில் மட்டுமின்றி, நொதிகளின் சில நுண்ணிய மாற்றங்களிலும் இவை ஒத்துப்போகின்றன.

நெப்பந்தஸில் இத்தனை இனங்கள் உண்டானதற்குத் தீவுகளும் மலையுச்சிகளும் பெரும் காரணம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே சூடான தாழ்நிலம் இருந்தால், உயர்மலைச் செடி அதைக் கடப்பது அரிது. இரு பக்கமும் தனித்தனி வழியில் மாறிக்கொண்டே போகும். ஒரு மலையில் மட்டும் வாழும் இனங்கள் பல இருப்பது இதனால்தான். அதே காரணத்தால் அவை எளிதில் அழியவும் கூடும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

இந்தச் செடிகள் இப்போது நாற்றங்கால்களில் விற்கின்றன. உரக் கணக்கு புரிந்தவர்களுக்கு வளர்ப்பு முறையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. தொட்டி மண்ணில் யூரியாவோ தொழுவுரமோ கொட்டக் கூடாது. ஏழை மண்ணுக்குப் பழகிய வேர் அதைத் தாங்காது, தழைச்சத்து மிகுந்தால் குடுவை வருவதும் குறையும். உப்பு நீர் வேண்டாம், மழைநீர் நல்லது. நல்ல வெளிச்சமும் காற்றில் ஈரமும் வேண்டும். குடுவைக்குள் இறைச்சித் துண்டு போட்டால் செரிக்கும் முன் அழுகிக் குடுவையைக் கெடுத்துவிடும்.

எங்கிருந்து வந்த செடி என்று கேட்டு வாங்குங்கள். நெப்பந்தஸ் இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின்கீழ் வருகின்றன. காசியானாவும் ராஜாவும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. காசியானாவைக் காக்க மேகாலயாவின் தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் ஒரு சரணாலயமே இருக்கிறது. கரிச்சதுப்புக் காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக வடிக்கப்படுவதும், சேகரிப்போர் மலையுச்சிகளிலிருந்து செடிகளைப் பிடுங்கி விற்பதும் இன்றும் நடக்கின்றன. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானில், மேற்கேயுள்ள கெலாம் மலையில் மட்டும் வாழும் நெப்பந்தஸ் கிளிப்பியாட்டா இந்தச் சூறையாடலால் அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. திசு வளர்ப்பிலும் விதையிலும் பெருக்கிய செடிகள் சந்தையில் கிடைக்கும்போது, காட்டிலிருந்து பிடுங்கி வந்த ஒன்றை விலைகொடுத்து வாங்க ஒரு காரணமும் இல்லை.